வண்டி பின்னால வருது

மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு போகிற மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மூட்டைகள் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஆள் இருக்காது. மூட்டையின் கழுத்தில் ஓர் இலைக்கொத்து செருகியிருக்கும், அவ்வளவுதான். பலா இலை என்றால் சந்தைக்கு. சில்வர் ஓக் இலை என்றால் காப்பிக்கொட்டை வாங்குகிற கடைக்கு. நாரத்தை இலை என்றால் பஸ் ஸ்டாண்டில் சேலத்து பஸ்ஸுக்கு. செல்போன் வந்து எத்தனையோ காலமாகியும் இந்த வழக்கம் போகவில்லை. வளைவில் சிக்னல் கிடைக்காது. இலைக்கு எதற்கு சிக்னல்? ஐயாக்கண்ணு ஜீப்பில் வருவார், இலையைப் பார்ப்பார், மூட்டையைத் தூக்கிப் பின்னால் வீசுவார், போய்க்கொண்டே இருப்பார். சாயங்காலம் காலிச் சாக்கும் விற்ற விவரமும் அவரவர் வீட்டுக்கு வந்து சேரும்.

ஐயாக்கண்ணு ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். மீசையைப் பார்த்தால் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர் என்று தோன்றும். கிட்டப் போனால்தான் குட்டு வெளிப்படும். யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பார். பிரசவத்துக்கு வண்டி வேணுமா, சரிங்க. மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போகணுமா, சரிங்க. ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னாலும் சரிங்க. ஆனால் தனக்கென்று ஒருவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கமாட்டார். விக்கல் வந்தால் விக்கிக்கொண்டே நிற்பார். அது பெருந்தன்மை என்று ஊர் சொன்னது. சும்மா இருங்க, வெறும் கூச்சம் என்று அவர் சம்சாரம் மாதம்மாள் சொன்னாள். கூட இருந்து குடும்பம் நடத்துகிறவள் அவள், அவளுக்குத் தெரியாதா?

மார்கழி முடிகிற சமயத்தில் அந்த ஜீப் போயிற்று. அன்றைக்குக் காலையில் மேகம் தரையோடு தரையாக இறங்கியிருந்தது. நல்ல வேளை, வண்டி காலி. வாழவந்திக்குப் பிரிகிற இடம் தாண்டி ஒரு காட்டெருமை நின்றது. ஓரமாக நின்றாலாவது போகட்டும், சாலையின் நட்ட நடுவில் நின்றது. ஐயாக்கண்ணு ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜீப் சரிவில் இறங்கி இரண்டு குட்டிக்கரணம் போட்டு ஒரு மரத்தில் முட்டி நின்றது. அவரைக் காப்பிச் செடிகள் வாங்கிக்கொண்டன.

பழுத்த காப்பிப் பழங்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்து மேகத்தைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று அது முகத்துக்கு மேலே நகர்ந்துகொண்டிருந்தது. அது நகர்கிறதா, தான் நகர்கிறோமா என்று தெரியவில்லை. எங்கேயோ இஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. பரவாயில்லை, வண்டி ஆஃப் ஆகவில்லை என்று நிம்மதியாகக் கிடந்தார். வெகுநேரம் கழித்துத்தான் அது தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் என்று புரிந்தது. புருவத்தில் ஒரு வெட்டு, அதோடு தலை தப்பியது. காட்டெருமை எப்போதோ போய்விட்டிருந்தது.

ஏற்காட்டு மெக்கானிக் வந்து பார்த்து, "அண்ணா, அடிச்சட்டமே வளைஞ்சு போச்சுங்க. எடைக்குத்தான் போடோணும்" என்று கையை விரித்துவிட்டான். இன்சூரன்ஸ் எதிரே வருகிற ஆளுக்குத்தான் போட்டிருந்தது. எதிரே வந்ததோ மாடு.

ஊரே அவரைப் பார்க்க வந்தது. பன் வந்தது, ஆரஞ்சுப் பழம் வந்தது, தலையைச் சுற்றித் திருஷ்டி கழிக்க மிளகாய் கூட வந்தது. எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இனி என்ன பண்றதுங்க?" வாயைத் திறந்து, எனக்கு ஒத்தாசை பண்ணுங்கள் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் ஆயுசுக்கும் கிடைக்காது. மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "வேற வண்டி வருதுங்க" என்றார். எங்கிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள், அவருக்கே தெரியாது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வந்தவர்கள் முகம் வாடியிருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பேச்சு மலை முழுக்கப் பரவிவிட்டது. மாதம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் ஒரு தினுசாக மாறிப்போயிற்று. படுத்தவுடன் ஓட்ட ஆரம்பித்துவிடுவார். பாதை மேலே மேலே போகும். மலை உச்சியிலிருக்கிற சேர்வராயன் கோயிலையும் தாண்டிப் போகும். மேகத்தின்மேல் டயர் உருளுகிற மெத்தென்ற சத்தம் கேட்கும். வளைவில் மூட்டைகள் எழுந்து நின்று வண்டிக்குக் கை காட்டும்.

"ஏனுங்க! எந்திரிங்க!" என்று ஒரு விடியற்காலையில் மாதம்மாள் உலுக்கினாள். "என்ற காலைப் போட்டு இந்த மிதி மிதிக்கறீங்களே, கிளட்ச்சுன்னு நெனச்சீங்களா?"

"கொண்டை ஊசி வளைவு புள்ள. கியர் மாத்தோணுமில்ல" என்றார் ஐயாக்கண்ணு, பாதிக் கனவில்.

"மாத்துவீங்க, மாத்துவீங்க. இன்னைக்குப் போயிக் கேட்டுப்போட்டு வாங்க. நாளைக்கு இரும்புக்காரன் லாரியக் கொண்டாந்து அள்ளிக்கிட்டுப் போயிட்டான்னா, அப்பறம் காலம் பூரா என்ற காலையேதான் மிதிச்சுக்கிட்டுக் கெடக்கோணும்."

விஷயம் இதுதான். கொட்டச்சேடு பக்கம் பிரபாகர் என்பவருக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மாதம்மாள் அங்கேதான் பழம் பறிக்கப் போகிறாள். தோட்டத்து குடோனில் பிரபாகருடைய அப்பா ஓட்டிய நீல நிற ஜீப் ஒன்று தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் பேசி முடித்தாயிற்று, நாளை மறுநாள் காலையில் எடுத்துப் போகிறான் என்று கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் முந்தின நாள் சாயங்காலம் பறித்த பழத்தை எடை போடும்போது சொன்னார். மாதம்மாளுக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. அந்த ஜீப் இஞ்சின் நல்ல இஞ்சின் என்று ஐயாக்கண்ணுவே பல தடவை சொல்லியிருக்கிறார். அது கிடைத்தால் பிழைப்பு உண்டு. கிடைக்காவிட்டால் இந்த வயதில் கீழே சேலத்துக்குப் போய் எவனுடைய லாரிக்காவது ஸ்டியரிங் பிடிக்க வேண்டும்.

"என்ன கேக்கோணும், சொல்லுங்க பாக்கலாம்" என்றாள் மாதம்மாள்.

"சார், அந்த ஜீப்ப எனக்குக் குடுங்க. வெலைய லோடு அடிச்சே கழிச்சுப்போடறனுங்க."

"என்கிட்ட நல்லாத்தான் கேக்கறீங்க. போங்க."

இறங்கி நடந்தார். அந்தப் பாதையில் அவர் நடந்து எத்தனை காலம் ஆயிற்றோ, அவருக்கே நினைவில்லை. மேகம் அன்றைக்கும் இறங்கியிருந்தது. நாலு அடிக்கு முன்னால் உலகம் கிடையாது. நடக்க நடக்க ஒவ்வொன்றாக வந்தது. ஒரு சிலந்திவலை முழுக்க நீர்முத்து. பாறை இடுக்கில் ஒரு சின்ன ஊற்று கிளுகிளுவென்று பேசிக்கொண்டிருந்தது. இத்தனை காலமாக இது இங்கேயா இருந்தது? வண்டிச் சத்தத்தில் கேட்டதே இல்லையே என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டார். வளைவு வந்தபோது உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. வழியிலிருந்த சில்வர் ஓக் மரங்களிடம் கேட்டுப் பார்த்தார். முதல் மரத்திடம் கணீரென்று கேட்டார். இரண்டாவது மரத்திடம் குரல் இறங்கியது. மூன்றாவது மரம் கொஞ்சம் பிரபாகர் ஜாடையில் இருந்ததால் அதனிடம் ஒன்றும் கேட்காமல் தாண்டி வந்துவிட்டார்.

அடுத்த வளைவில் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன.

அன்றைக்குச் சந்தை நாள். வேறு வண்டி வருகிறது என்று அவரே சொன்னாரே, ஊர் நம்பாமல் இருக்குமா? நம்பித்தான் வைத்திருக்கிறது. பலா இலை செருகிய மூட்டை, சில்வர் ஓக் இலை செருகிய மூட்டை, ஓரத்தில் ஒரு சின்ன மிளகுப் பை. கண்டும் காணாமல் தாண்டிப் போய்விட வேண்டியதுதானே? போகமாட்டார். பனி இறங்காத இடமாகப் பார்த்து மூட்டைகளை மரத்தடிக்கு இழுத்து வைத்தார். மிளகுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். ஒன்றையாவது தூக்கிக்கொண்டு போனால் மனசு ஆறும் போலிருந்தது.

கொட்டச்சேட்டை நெருங்கும்போது செல்வமேரி ஒரு சாக்கை வளைவில் இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். தனி ஆளாகச் சவ்சவ் பயிர் பண்ணிப் பிழைக்கிறவள். பந்தலில் விளைகிற காய் முழுக்க ஐயாக்கண்ணு வண்டியில்தான் சந்தைக்குப் போகும்.

"என்னங்கண்ணா, நடந்து வர்றீங்க? வண்டி எங்கீங்க?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"பின்னால வருதுங்க" என்றார்.

"டிரைவர் போட்டுட்டீங்களா?"

"ஆமாங்க."

"ஸ்தோத்திரம்! நான் உங்களுக்காக செபம் பண்ணாத நாளில்லீங்கண்ணா." சந்தோஷம் தாங்காமல் சாக்கிலிருந்து காய்களை அள்ளி ஒரு பையில் போட்டாள். "ஊட்டுக்குக் கொண்டு போங்க. பொரியல் பண்ணச் சொல்லுங்க. நொம்பப் பிஞ்சு."

சரிங்க என்று அதையும் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

ஒரு தோளில் மிளகு, ஒரு கையில் சவ்சவ். மேகத்துக்குள் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது கியரில் ஏறி வருகிற வண்டியின் சத்தம். நின்று திரும்பிப் பார்த்தார். வெள்ளை மேகம். திரும்பி நடந்தார். மறுபடி கேட்டது. இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கினார். அது அவரைத் தாண்டிப் போகவில்லை. முந்தாமல், நிற்காமல், அவர் நடைக்குத் தக்கபடி மெதுவாகப் பின்னாலேயே வந்தது. டிரைவர் பரவாயில்லை, நிதானமான ஆள் என்று ஐயாக்கண்ணு நினைத்துக்கொண்டார். நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. மனசுக்கு அது ரொம்ப இதமாக இருந்தது. தோளில் பாரம் கூடத் தெரியவில்லை. இப்படியே நடந்துகொண்டே இருந்துவிடலாம், யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டாம் என்றிருந்தது.

ஆனால் பாதை தோட்டத்து கேட்டில் போய்த்தான் முடிந்தது.

பிரபாகர் பங்களா வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஒரே குறை, எதிரில் இருப்பவர் பேச்சை முடிக்க விடமாட்டார். பாதியிலேயே வாங்கி அவரே முடித்துவிடுவார்.

"அட, ஐயாக்கண்ணுவா! வாங்க, வாங்க. காயமெல்லாம் ஆறிருச்சா? சாமி புண்ணியம், பெரிசா ஒண்ணும் ஆகலை. காப்பி குடிங்க."

ஐயாக்கண்ணு பைகளைக் கீழே வைத்தார். காப்பியை வாங்கினார். குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"சார், அந்த..."

"மிளகு மூட்டைதானுங்களே? எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? கட்டி ரெடியா வெச்சிருக்கேன் பாருங்க. இன்னைக்குச் சந்தையில போட்டுருங்க."

தூணோரம் மூட்டை இருந்தது. பலா இலை புதுசாகச் செருகியிருந்தது.

"சரிங்க" என்றார் ஐயாக்கண்ணு.

போச்சு! இத்தனை தூரம் நடந்து, மூன்று மரத்திடம் ஒத்திகை பார்த்து, கடைசியில் சரிங்க! அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறதா? மாதம்மாள் அங்கே இருந்திருந்தால் உலுக்கியே இருப்பாள். அவர் குனிந்து மூட்டையைத் தூக்கித் தோளில் ஏற்றினார். படி இறங்கினார். முற்றம் முழுக்க மேகம். அந்த முற்றத்துக்கு அவர் லோடு ஏற்ற வராத வாரம் கிடையாது. பலா மரத்தடியில் வண்டியைப் பின்பக்கமாக நிறுத்துவார். படியிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்று காலுக்கே தெரியும். கால் தானாக அங்கே போயிற்று. இடம் வந்ததும் நின்றது. பின்னால் வந்துகொண்டிருந்த சத்தம் இப்போது அவருக்கு முன்னால், மரத்தடியில், நின்று உறுமிக்கொண்டிருந்தது. இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி, மூட்டையை இரண்டு கையாலும் வாங்கி, வண்டிக்குள் வீசினார்.

மூட்டை மேகத்துக்குள் போய்க் கல் தரையில் விழுந்தது. தையல் விட்டது. மிளகு சடசடவென்று மழை மாதிரி கொட்டி முற்றம் முழுக்க ஓடியது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இஞ்சின் சத்தமும் நின்றுபோயிற்று.

பிரபாகர் டம்ளரும் கையுமாக ஓடி வந்தார். "என்னங்க ஆச்சு?"

"வண்டியில போட்டனுங்க சார்."

"எந்த வண்டியில?"

ஐயாக்கண்ணு மரத்தடியைப் பார்த்தார். காய்ந்த பலா இலைகள் கிடந்தன. எண்ணெய் சொட்டிக் கறுத்த பழைய தடம் இருந்தது. அப்படியே முழங்கால் மடித்து உட்கார்ந்து மிளகை அள்ள ஆரம்பித்தார். அள்ளினார், சிந்தியது, மறுபடி அள்ளினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஜீப் விழுந்தபோதுகூட அவர் அழவில்லை. இப்போது அழுதார். வெட்கமாக இருந்தது, அழுகையும் நிற்கவில்லை. பிரபாகரும் டம்ளரை வைத்துவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதல் தடவையாக எதிராளியின் பேச்சுக்கு இடம் விட்டு, அவரும் மிளகை அள்ளினார்.

"என்கிட்ட வண்டி இல்லீங்க சார்" என்றார் ஐயாக்கண்ணு, மிளகைப் பார்த்தபடி. "குடோன்ல இருக்கற ஜீப்ப எனக்குக் குடுங்க. லோடு அடிச்சே கழிச்சுப்போடறனுங்க."

"வேற வண்டி வருதுன்னு சொன்னாங்களே?"

"நாந்தானுங்க சொன்னேன். பொய்யிங்க."

பிரபாகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அட என்னங்க நீங்க! உங்க வண்டி கவுந்துருச்சுன்னு கேட்ட அன்னைக்கே, அப்பா ஜீப்ப ஐயாக்கண்ணுவுக்குக் குடுத்துரலாம்னு நெனச்சேன். சொல்லி அனுப்பறதுக்குள்ள, அவருக்கு வேற வண்டி வருதுன்னாங்க. சரின்னு இரும்புக்காரன்கிட்டப் பேசிட்டேன். இப்ப பேச்சு மாறினா நல்லா இருக்குமா? வேற ஏதாவது பாத்துக்கலாமுங்களா?"

இப்போது பாருங்கள். ஐயாக்கண்ணு நாக்கின் நுனியில் அது வந்து நின்றது. ச என்று உதடு பிரிந்தும்விட்டது. மரத்தடியில் இழுத்து வைத்துவிட்டு வந்த மூட்டைகளை நினைத்தார். அவை இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், அவரை நம்பி.

"பாத்துக்க முடியாதுங்க" என்றார். "இத்தன வருசமா நீங்க என்ன சொன்னாலும் செஞ்சிருக்கனுங்க சார். ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். எனக்கு அந்த ஜீப் வேணும்."

வேணுமுங்க என்றுகூடச் சொல்லவில்லை. வேணும் என்றார். பிரபாகர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சிக்னலுக்காக வராந்தாவின் கோடிவரைக்கும் போனார். மேகத்துக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "இல்ல, இல்ல. வண்டி எடுத்தாச்சு. வேண்டப்பட்ட ஆளு. நீங்க வர வேண்டாம்."

குடோனில் தார்ப்பாயை இழுத்தபோது தூசி எழும்பி வெளிச்சத்தில் சுற்றியது. ஜீப் உடனே கிளம்புகிற நிலையில் இல்லை. மெக்கானிக் வர வேண்டும், டயர் மாற்ற வேண்டும். ஐயாக்கண்ணு ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். அது சில்லென்று, கெட்டியாக, கைக்குள் அடங்கியது. இறங்க மனசே வரவில்லை. அதுவரைக்கும் தோட்டத்து டிராக்டரை அனுப்புகிறேன், வளைவு மூட்டைகளை அதில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பிரபாகர். இதையும் ஐயாக்கண்ணு கேட்டுத்தான் வாங்கினார் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். ஒருதரம் வாய் திறந்தால் அப்படித்தான் போலிருக்கிறது.

டிராக்டரில் திரும்பும்போது செல்வமேரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடப் பாவமே! புது வண்டிக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுல்ல நான் செபம் பண்ணிக்கிட்டிருந்தேன். மொதல்லயே சொல்லியிருந்தா சரியானதக் கேட்டிருப்பனே!" என்று சண்டைக்கு வந்தாள். அவருக்கு அந்தத் திட்டு பிடித்திருந்தது.

சந்தை வேலையெல்லாம் முடித்து வீட்டுக்கு வரும்போது மேகம் கலைந்து மஞ்சள் வெயில் அடித்தது. மாதம்மாள் அடுப்பில் ராகிக் களி கிளறிக்கொண்டிருந்தாள். துடுப்பும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அவரு என்னங்க சொன்னாரு?"

"அவரு சொன்னது கெடக்கட்டும் புள்ள. நான் என்ன சொன்னேன்னு கேளு."

மாதம்மாள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவருக்கு எதிரில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க" என்றாள்.